கடவுச்சீட்டும் பிடியாணையும்



புங்குடுதீவின் மேற்குக் கரையிலே குறிகட்டுவான் என்றொரு துறை உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நெடுந்தீவுக்குத் திரும்புவோரும் அங்கேதான் படகேறுவர். ஆனி மாதத்துத் திருவிழாக் காலத்தில் அத்துறையிலே சற்று நின்று செவிகொடுத்தால், தொரன்ரோவிலிருந்து வந்தவர், பாரிசிலிருந்து வந்தவர், இலண்டனிலிருந்து வந்தவர் எனப் பலருடைய பேச்சும் காதில் விழும். கடல் கடந்து சென்றாலும் ஊரை மறவாதவர் தீவக மக்கள். வருவோர் பலர், வர விரும்பியும் வரமாட்டாது நிற்போர் சிலர். அவருள் ஒரு சாராரின் இடர்ப்பாட்டைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன். ஊரில் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை நிறைவேறாமல் கிடக்க, அயல்நாட்டில் இருந்தபடி கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளானவர்கள் அவர்கள்.

விளக்கத்தின் பொருட்டு நெடுந்தீவார் ஒருவரை மனத்திலே கற்பித்துக்கொள்வோம். அத்தீவிலே முருகைக் கற்களை அடுக்கிய மதிலே பெரும்பாலும் காணிக்கு எல்லை. அயல் வீட்டார் மதிலை ஒரு முழம் தள்ளி அடுக்கிவிட்டனர் என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் கைகலப்பாயிற்று. அயலவருக்குச் சிறு காயம். பொலிசார் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். தாய்மாமனாகிய அம்மான் பிணை நின்றார். அடுத்த தவணைக்கு முன்னரே நம்மவருக்குப் பிரான்சு செல்லும் வாய்ப்புக் கிட்டியது, போய்விட்டார். தவணை நாளன்று அவர் பெயர் கூப்பிடப்பட்டது, ஆள் இல்லை, நீதவான் பிடியாணை பிறப்பித்தார். ஆண்டுகள் உருண்டன. இப்பொழுது கடவுச்சீட்டு முடிவடையும் காலம். ஊரிலே தாயார் தளர்ந்து போயிருக்கிறார். அவர் தூதரகத்தின் வாயிலிலே நின்று தம்மையே கேட்டுக்கொள்ளும் வினா இது: “உள்ளே போகலாமா, போகக்கூடாதா?”

இவ்வினாவுக்கு விடை காணுமுன், பிடியாணையின் இயல்பை அறிதல் வேண்டும். பாலைப்போலக் காலத்தாற் கெட்டுப்போவது அன்று பிடியாணை. இலங்கையின் 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அது நிறைவேற்றப்படும் வரையில், அல்லது அதனைப் பிறப்பித்த நீதிமன்றமே அதனை நீக்கும் வரையில், வலுவிலே இருக்கும். பத்தாண்டு கழிந்தது, நீதவான் மாறிவிட்டார், முறைப்பாட்டுக்காரரும் மறந்துவிட்டார் என்பனவெல்லாம் அதனைத் தாமாக அழித்துவிடா. எதிரி வெளிநாடு சென்றுவிட்டமையால் வழக்கேடு ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்படலாம். ஒதுக்கி வைத்தல் வேறு; தள்ளுபடி செய்தல் வேறு.

தமக்கு எதிராகப் பிடியாணை உண்டு என்பதையே அறியாதவரும் உளர். 1990-ஆம் ஆண்டிலே போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். வீடுகள் பாழடைந்தன; முகவரிகள் பொருளற்றுப் போயின. ஆளில்லாத வீட்டைத் தேடிச் செல்லும் அழைப்பாணை யார் கையில் சேரும்? ஆதலால், பிடியாணைக்கு உள்ளானவர் எல்லாரும் சட்டத்துக்கு அஞ்சி ஓடியவர் என்று கருதுவது நேர்மையன்று. இந்த வேறுபாட்டைச் சட்டமும் உணர்ந்தேயிருக்கிறது. ஓடி ஒளித்தவர் எனக் கண்டால் எதிரி இல்லாமலே விசாரணை நடத்த அதே சட்டக்கோவை இடமளிக்கிறது. எனினும், பின்னர் அவர் தோன்றித் தாம் வராதிருந்தது நேர்மையான காரணத்தினாலேயே என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், வழக்கை மீள விசாரிக்கவும் வழி வைத்திருக்கிறது.

இனி, தூதரகத்தில் நடப்பது யாது என்று பார்ப்போம். கடவுச்சீட்டு வழங்கும் அதிகாரம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு உரியது. 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. தூதரகம் விண்ணப்பத்தை ஏற்று, பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் வாயில் போன்றது. தூதரக அலுவலர் நீதவான் அல்லர், பொலிசாரும் அல்லர். பாரிசிலோ இலண்டனிலோ ஊர்காவற்றுறைப் பிடியாணையை நிறைவேற்றி ஒருவரைக் கைதுசெய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அயல்நாட்டில் இருப்பவரைச் சட்டப்படி வருவிக்க வேண்டுமாயின், 1977-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க நாடுகடத்தற் சட்டம் போன்ற தனி நடைமுறைகளையே அரசு நாட வேண்டும். மதிற் சண்டைக்காக எந்த அரசும் அத்துணைத் தொலைவு செல்வது அரிது.

இங்கே மூன்றினைப் பிரித்தறிதல் நன்று. ஆளைப் பிடித்து நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துக என்பது பிடியாணை. நாட்டைவிட்டு வெளியேற விடாதீர் என்பது பயணத்தடை. கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் கையளிக்க வேண்டும், அல்லது புதியது வழங்கலாகாது என்பது கடவுச்சீட்டைப் பற்றிய கட்டளை. பின்னைய இரண்டும் திணைக்களத்துக்கு நேரே அறிவிக்கப்படுவன. கணினியில் ஏற்றப்பட்ட பெயர் எந்தத் தூதரகத்திலிருந்து விண்ணப்பித்தாலும் தட்டுப்படும். வெறும் பிடியாணை அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்கலாம், அறிவிக்கப்படாமலும் இருக்கலாம். ஆகவே, ஒருவருக்குக் கடவுச்சீட்டுத் தடையின்றிக் கிடைத்துவிட்டது என்பதனால் அவருடைய பிடியாணை நீங்கிவிட்டது என்று பொருளாகாது. புதிய கடவுச்சீட்டும் கையுமாய்க் கட்டுநாயக்காவிலே இறங்கிய பின்னர்த் தடுத்து நிறுத்தப்படவும் கூடும்.

இத்தகைய வழக்கொன்று இங்கிலாந்திலே புகழ்பெற்றது. எவரெட் என்பார் ஒருவர் இசுப்பானியாவில் வாழ்ந்தார், பிரித்தானியக் குடிமகன். தம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டபோது, இங்கிலாந்தில் அவரைக் கைதுசெய்யப் பிடியாணை உளது என்று மறுத்துவிட்டனர். நாடு திரும்புவதற்கு மட்டும் உதவும் ஒருவழிப் பயணப் பத்திரம் தருவோம் என்றனர். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று 1988-இல் முடிவாயிற்று. கடவுச்சீட்டை மறுப்பது அரசின் தனி உரிமை, நீதிமன்றம் அதில் தலையிடலாகாது என்ற வாதத்தை நீதியரசர்கள் ஏற்கவில்லை. மறுப்பதாயின் காரணம் சொல்ல வேண்டும். எந்தப் பிடியாணை என்ற விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். சிறப்பான சூழ்நிலை இருந்தால் அதை எடுத்துரைக்க இடமளிக்க வேண்டும் என்றனர். ஆனால் எவரெட்டுக்கு வேண்டிய நிவாரணம் கிடைக்கவில்லை. விவரம் யாவும் பின்னர் அவருக்குத் தெரிந்துவிட்டமையால் அவர் பாதிப்படையவில்லை என்று நீதிமன்றம் கருதியது. குடிமகனுக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு; ஆனால் அந்த உரிமை பிடியாணையைக் கரைத்துவிடாது என்பதே இவ்வழக்குத் தரும் பாடம்.

நம் அயல்நாடாகிய இந்தியாவிலே இது சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1967 ஏப்பிரலில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கிலே, வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குற்றவியல் வழக்கு நிலுவையிலிருத்தலையும், நீதிமன்றத்தின் அழைப்பாணையோ பிடியாணையோ இருத்தலையும் மறுப்புக்குரிய காரணங்களாக வெளிப்படக் கூறுகிறது. வழக்கு நிலுவையில் உள்ளவர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் வந்தால் கடவுச்சீட்டு வழங்கலாம் என்று 1993-இல் வெளியான அறிவித்தல் ஒரு சலுகை தந்தது. அங்கேயும் திறவுகோல் நீதிமன்றத்தின் கையிலேயே இருக்கிறது என்பதைக் காண்க.

இலங்கை அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை ஒவ்வொரு குடிமகனுக்கும் உறுதி செய்கிறது. பிடியாணை இருப்பினும் தாய்நாட்டின் வாயில் அவருக்கு அடைபடுவதில்லை. ஆனால் அந்த வாயிலின் உட்புறத்திலே வழக்கு அவருக்காகக் காத்திருக்கும்.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். மேற்சொன்ன நெடுந்தீவார் அகதியாக ஏற்கப்பட்டவராயின், அவருடைய நிலை முற்றிலும் வேறு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி, விட்டு வந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தாமே விரும்பி மீண்டும் நாடினால் அகதி நிலை முடிவுறலாம். தாய்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெறுதலும் புதுப்பித்தலும் அவ்வாறு நாடியமைக்கு அறிகுறி என்று, மாறாகக் காட்டப்பட்டாலன்றி, கருதப்படும்; ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகம் 1979-இல் வெளியிட்ட கைந்நூல் இதனை விளக்குகிறது. கனடாவிலோ, 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர், இவ்வகையில் அகதி நிலை முடிவுற்றால் நிரந்தர வதிவுரிமையும் கைநழுவும். ஆதலின் அகதியாக உள்ளவர், அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வரையில், தூதரகப் படியை மிதிக்குமுன் அங்குள்ள சட்டத்தரணியைக் கலந்தாலோசித்தல் இன்றியமையாதது. அவருக்குரியது அவரை ஏற்ற நாடு வழங்கும் அகதிகள் பயணப் பத்திரமேயன்றி, பழைய கடவுச்சீட்டு அன்று.

அகதி நிலை இல்லாதவர், தொழிலின் பொருட்டோ குடும்பத்தின் பொருட்டோ சென்றவர், செய்யத்தக்கது யாது? முதலாவது, உண்மையை அறிதல். ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரை அமர்த்தி, ஊர்காவற்றுறை நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கெண்ணைத் தேடச் செய்ய வேண்டும். வழக்கு எது, கடைசித் தவணை எது, பிடியாணை எந்நாளில் பிறந்தது, கடவுச்சீட்டைப் பற்றி ஏதேனும் கட்டளை உண்டா என்பன வழக்கேட்டில் இருக்கும். சான்றுப்படுத்திய பிரதியும் பெறலாம். ஊராரின் கதையை நம்புவதிலும் வழக்கேட்டை நம்புவது மேல்.

இரண்டாவது, நீதிமன்றத்தை அணுகுதல். சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, எதிரி இன்ன நாட்டில் இருக்கிறார், இன்ன காரணத்தால் வரவில்லை, இன்ன காலத்தில் வர எண்ணுகிறார் என்று தெரிவித்து, பிடியாணையை மீளப்பெறுமாறு வேண்டலாம். இணங்குவதும் மறுப்பதும் நீதவானின் தற்றுணிபு. நேரில் தோன்றிய பின்னரே பார்ப்போம் என்று அவர் கூறவும் கூடும். காணி விற்க அற்றோணித் தத்துவம் கொடுப்பது போல, எதிரிக் கூண்டிலே தமக்குப் பதிலாக நிற்க மற்றொருவருக்குத் தத்துவம் கொடுக்க முடியாது.

மூன்றாவது, வழக்கின் தன்மையை நோக்குதல். சிறு காயம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்களை முறைப்பாட்டுக்காரரின் சம்மதத்துடன் இணக்கமாய் முடிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளும் அயலவர் பிணக்குகளைத் தீர்க்கவே உள்ளன. தாபரிப்பு வழக்காயின், நிலுவைப் பணத்தைச் செலுத்துதலே முதல் மருந்து. மனைவி மக்களுக்குரிய பணத்தைக் கொடாமல் கடவுச்சீட்டுக்கு வழி தேடுவது அறமும் அன்று, அறிவும் அன்று.

நான்காவது, நேரில் வர நேர்ந்தால், முன்னரே ஒழுங்கு செய்துகொண்டு வருதல். தாமாகச் சட்டத்தரணியுடன் சென்று நீதிமன்றில் சரணடைபவரை நீதவான் நோக்குவதற்கும், விமான நிலையத்தில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்டவரை நோக்குவதற்கும் வேறுபாடு உண்டு. 1997-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குதலையே பொதுவிதியாகவும் மறுத்தலை விதிவிலக்காகவும் கொள்கிறது. ஆனால் முன்னர் ஒருமுறை பிணையிற் சென்று திரும்பாதவர் அந்தச் சலுகையைத் தாமே பலவீனப்படுத்திக்கொண்டவர் ஆவர் என்பதையும் மறத்தலாகாது.

செய்யத்தகாதன இரண்டு. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு “பெயரைக் கணினியிலிருந்து அழித்துத் தருகிறேன்” என்று கூறும் தரகரை நம்புதல். நீதிமன்றக் கட்டளையை நீதிமன்றமே நீக்க வல்லது, தரகர் அல்லர். மற்றொன்று, பெயரையோ பிறந்த திகதியையோ மாற்றிப் புதிய கடவுச்சீட்டுப் பெற முயலுதல். மதிற் சண்டை ஓர் அற்ப வழக்கு. பொய்ப் பிரகடனமோ பெரும் வழக்கு. சுண்டு விரற் புண்ணுக்குக் கையையே வெட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

இறுதியாக, அந்த அம்மானை நினைப்போம். மருமகன் வருவான் என்று சொல்லிப் பிணைமுறியிலே ஒப்பமிட்டவர் அவர். மருமகன் வராதபோது நீதிமன்றம் அவரையே அழைத்தது. ஏன் உமது பிணைப் பணத்தைப் பறிமுதல் செய்யலாகாது என்று கேட்டது. படகேறிக் குறிகட்டுவான் வந்து, பேருந்தில் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, ஊர்காவற்றுறை நீதிமன்ற வாயிலில் முதுமையிலே காத்திருந்தவர் அவரேயன்றோ? கடல் கடந்தவருக்குப் பிடியாணை ஒரு தாள், ஊரிலே நின்றவருக்கு அது பல நாட்களின் அலைச்சல், மானக்கேடும்கூட. கடவுச்சீட்டு முடிவடையும் பொழுதுதான் வழக்கு நினைவுக்கு வருமாயின், காலம் தாழ்த்தியே நினைத்தோம் என்பது கருத்து.

மடியிற் கனமிருந்தால்தான் வழியிற் பயம் என்பர் நம் முன்னோர். அந்தக் கனத்தை இறக்கிவைக்கும் இடம் தூதரகம் அன்று. அது ஊர்காவற்றுறை நீதிமன்றமே. அங்கே இறக்கிவைத்தவர், அடுத்த ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையிலே எவர் முகத்தையும் நேரே நோக்கிப் படகேறலாம்.