பழைய எம்ஜிபி: எங்கே ஆரம்பிப்பது?

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாராயின. அவற்றில் ஒன்றை இன்று வாங்குகிறவர் பானட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார். 1,798 சிசி, நான்கு சிலிண்டர், உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். குனிந்து கதவுக்கடியில் பார்ப்பவர்தான் பணத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

இதற்கு முந்தைய எம்ஜிஏவுக்குத் தனி சேசிஸ் இருந்தது. எம்ஜிபிக்கு பாடியேதான் சேசிஸ். கூரையில்லாத ரோட்ஸ்டர் நடுவில் மடங்காமல் இருக்கக் காரணம், பெரும்பாலும் இரு கதவுகளுக்கும் கீழே ஓடும் 'சில்' என்கிற பெட்டிப் பகுதி. பல தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்துச் செய்தது. உள்ளே புகுந்த ஈரம் எளிதில் காயாது. குளிர்காலத்தில் பனி உருக சாலையில் தூவும் உப்பும் அதில் கரைந்தால் ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை என்பதால் அரிப்பு வேகம் பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஒட்டியிருந்த தகடுகள் பிதுங்கிப் பிரியும். வெளியே பெயின்ட் அப்போதும் பளபளக்கலாம்.

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு போய் பட்டிதான் மிச்சம். அடுத்து, கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி. மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. இந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். வண்டியைச் சமமாகத் தாங்கி, கதவு வாசலில் குறுக்குக் கம்பி கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். ஒட்டுவேலைக் கூலி எல்லை மீறினால் இன்னொரு வழியும் உண்டு: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புது பாடி தயாரித்துத் தருகிறது.

பிரேக்கில் யோசிக்க எதுவுமில்லை. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சினை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். மொத்த வண்டியையும் ஒரேயடியாகக் கழற்றுவது பலரிடம் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றுவதா, எஞ்சினையே இறக்குவதா என்பதை அதன்பிறகு முடிவுசெய்தால் போதும்.