வடசென்னை ஏன் தன்னை விட்டுக்கொடுப்பதில்லை?

சென்னையில் வளர்ந்த ஒருவரிடம் எந்த ஏரியா என்று கேட்டு, மயிலாப்பூர் என்றோ திருவல்லிக்கேணி என்றோ பதில் வந்தால், கூடவே ஒரு கோயிலும் ஒரு கச்சேரியும் ஒரு காபிக் கடையும் பேச்சில் வந்துவிடும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று பதில் வந்தால் கேட்டவர் முகத்தில் சின்னத் தயக்கம் தெரியும். அந்தத் தயக்கத்தைப் பல பத்தாண்டுகளாக ஊட்டி வளர்த்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வடக்கே போனால் கத்தி, கடத்தல், கட்டப்பஞ்சாயத்து என்பதுதான் அது திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். இத்தனைக்குப் பிறகும் வடசென்னைக்காரர்கள் தங்கள் ஏரியாவை விட்டுக்கொடுப்பதில்லை. வேறு பகுதிக்குக் குடிபோய் வருடக்கணக்கானவர்கள்கூட, பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றிப் பேச்செடுத்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பால்யகால மயக்கம் என்று, கொஞ்சம் இரக்கத்தோடு, ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பெருமிதத்தில் மயக்கம் கொஞ்சம் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் அதன் அடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. நகரம் வடக்கிடமிருந்து எதை வாங்கிக்கொண்டது, பதிலுக்கு எதைக் கொடுத்தது என்ற கணக்கு அது.

முதலில், நகரம் என்பதே வடக்கில்தான் இருந்தது. கோட்டைக்கு வெளியே வணிகர்களும் நெசவாளர்களும் துணி வெளுப்பவர்களும் குடியேறிய பகுதியை ஆங்கிலேயர்கள் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் பெரும்பகுதியை இடித்தார்கள். மதராஸ் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்து, பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி ஆக்கினார்கள். மக்கள் இன்னும் வடக்கே தள்ளப்பட்டு முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் பெருகினார்கள். அந்தப் புதிய கறுப்பர் நகரம்தான் 1911இல் மன்னர் பெயரைச் சூடி ஜார்ஜ் டவுன் ஆனது. கம்பெனிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை வண்ணாரப்பேட்டை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. சென்ட்ரல் வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. 1920களில் தெற்கே நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய புதிய குடியிருப்புக்கு யார் பெயரை வைத்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. வடசென்னையில் வாழ்ந்த பிட்டி தியாகராயரின் பெயர் தி.நகருக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் நகரத்தின் பணமும் பூங்காக்களும் அகலச் சாலைகளும் அதே திசையில் போயின.

இந்தக் கணக்கில் மிகத் துல்லியமான வரி கடற்கரையில் எழுதப்பட்டிருக்கிறது. வங்காள விரிகுடாவின் இந்தக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களில் தொடங்கிக் கட்டிய துறைமுகத்தின் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் சேர்ந்து, இன்று நாம் மெரினா என்று கொண்டாடும் அகன்ற கடற்கரை ஆயிற்று. வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கிக் கடல் கரையை அரித்துக்கொண்டே போனது. வீடுகளும் குப்பங்களும் கரைந்த பிறகு கருங்கல் கொட்டித் தடுப்பு எழுப்பினார்கள். தென்பக்கத்தில் மாலை நேரத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு கால் புதைய நடக்க முடிவதற்கும் வடபக்கத்தில் பாறைக் குவியல்மேல் நின்று கடலைப் பார்க்க நேர்வதற்கும் காரணம் ஒரே கட்டுமானம். துறைமுகத்தின் லாபம் மாநகரம் முழுவதற்கும் போயிற்று. அரிப்பு மட்டும் ஒரு பக்கத்துக்கு. இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு காசிமேட்டுக்காரர் தன் கரையைப் பற்றிக் கொஞ்சம் உரத்துப் பேசினால் அதை வெற்று உணர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

நிலத்தைப் போலவே உழைப்பும். பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள், ரயில்வே பணிமனைகள், பிறகு 1955இல் தொடங்கிய ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகத்தின் மூட்டை தூக்கும் வேலை என்று நகரத்தின் பாரம் சுமந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குடியிருந்தார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்களோடு செல்வபதி செட்டியாரின் பெயரையும் அதைத் தொடங்கியவர்கள் வரிசையில் சேர்த்துச் சொல்லவேண்டும். ஷிப்டு முடிந்த உடம்புகள் சும்மா இருக்கவில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை எனப்படும் குழுக்களாகப் பிரிந்து நின்று ரோசமான குத்துச்சண்டை போட்டார்கள். வியாசர்பாடியில் கால்பந்து, சந்துக்குச் சந்து கேரம். கேரத்துக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம். மைதானம் தேவைப்படாத, ஒரு பலகை போடும் இடம் இருந்தால் போதுமான ஆட்டத்தில் இந்தப் பகுதி உலக அளவுக்குப் போனதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும், எழத்தான் வேண்டும். பழைய பேட்டையை நினைத்து உருகுபவர்கள் அங்கிருந்த சாதியை மறந்துவிடுகிறார்கள் என்பது அது. சங்கம் பிறந்த மூன்றே ஆண்டுகளில், 1921இல், அதே ஆலையின் நீண்ட வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் மூண்ட மோதல் புளியந்தோப்பில் குடிசைகள் எரிவதிலும் துப்பாக்கிச் சூட்டிலும் போய் முடிந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்ற வாக்கியம் புளியந்தோப்பின் ஒவ்வொரு சந்திலும் ஒரே பொருளில் ஒலிக்காது. இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இது வீழ்த்துவது பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் பேச்சை மட்டும்தான். ஏரியாவின் பெருமையை இன்று மிகத் தெளிவாகப் பாடிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். சாவு வீட்டுப் பாட்டு என்று மட்டம் தட்டப்பட்ட கானாவை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ராயபுரத்து இசைவாணி ஒருவர். 'மெட்ராஸ்', 'சார்பட்டா பரம்பரை' படங்களை எடுத்த பா. இரஞ்சித் வடசென்னையை உள்ளிருந்து காட்டியபோது சாதியை மறைத்துக் காட்டவில்லை. காயத்தைச் சொல்லிக்கொண்டே பெருமைப்படுவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

இன்னொரு ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. இடத்தின்மீது பாசம் வைத்தவர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள், அதனால்தான் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தன என்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. எண்ணூரில் கழிமுகத்தைக் காக்கக் குரல் எழுப்பியவர்கள் முதலில் வெளியூர் ஆர்வலர்கள் அல்லர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள். இறால் எங்கே சேரும், சாம்பல் கழிவு வந்தபின் எந்த மீன் காணாமல் போனது என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வைத்திருந்த நினைவுதான் அவர்கள் கையிலிருந்த சாட்சியம். அரசு வரைபடங்களில் கழிமுகத்தின் பகுதிகள் காணாமல் போனதாகச் சர்ச்சை எழுந்தபோது, தண்ணீர் இருந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் அவர்களே. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமே எண்ணெய்ப் படலமானது. அதே மாதம் ஓர் இரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினார்கள். அதன் பிறகு நடந்த தொடர் போராட்டத்தை நடத்தியவர்கள் அந்த ஊரை வெறுத்தவர்களா? வெறுத்தவர்கள், வசதி இருந்தால், வீடு மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவதைச் சுருக்கமாகப் பார்க்கலாம்: பெருமை பேசுகிறவர்களில் பலர் அங்கிருந்து கிளம்பிவிட்டவர்கள். அது உண்மைதான். அண்ணா நகர் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு கல்மண்டபத்துச் சந்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதால் அந்தச் சந்தில் சாக்கடை அடைப்பு நீங்கிவிடாது. அந்த வகைப் பெருமூச்சுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கிளம்பியவர்கள் எல்லோரும் விரும்பிக் கிளம்பியவர்கள் அல்லர். நகரத்தின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வேலையையும் பள்ளிக்கூடத்தையும் பல கிலோமீட்டர் பின்னால் விட்டுவிட்டுப் போயின. அவர்கள் பழைய ஏரியாவின் பெயரைச் சொல்லும்போது அங்கேயே வீடு கட்டித் தந்திருக்கலாமே என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. திட்டமிடும் அதிகாரிகள் அதை ஏக்கம் என்று கேட்டுக் கடந்துபோவது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

அங்கேயே கட்டிக்கொடுத்தபோதும் என்ன நடந்தது என்பதற்குப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பு இருக்கிறது. குடியேறிய கொஞ்ச காலத்திலேயே, 2021இல், சுவர்ப் பூச்சு தொட்டால் உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் அதை விரலால் சுரண்டிக் காட்டி வீடியோ எடுத்தார்கள். சட்டமன்றம் வரை பேச்சு போய், ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். ஏரியாவைக் கேவலப்படுத்துகிறீர்கள் என்று அந்தக் குடியிருப்பாளர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பேட்டையைவிட்டு நகரமாட்டோம், ஆனால் உதிராத சுவர் வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.