நச்சு அம்புத் தவளை வாங்கும் முன்

நீலமும் மஞ்சளுமாக மின்னும் அம்புத் தவளையை ரீல்ஸில் பார்த்து ஆசைப்படும் காரைக்குடி இளைஞர் முதலில் கேட்பது, "தொட்டால் உயிர் போய்விடுமா?" என்பதுதான். கொலம்பியாவின் எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பில் தடவியது பொன்னிறத் தவளையின் நஞ்சைத்தான். ஆனால் அந்த நஞ்சு காட்டில் அது தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து உடலில் சேர்வது. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளைக்கு நஞ்சு கிடையாது. காட்டில் பிடித்ததோ, தொட்டிக்கு வந்து ஆண்டுகள் ஆனாலும் நஞ்சோடு இருக்கலாம்.

ஆகவே, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, அது எங்கே பிறந்தது என்பதை. அவர் வாய்ச்சொல் போதாது. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதித் தாளில் 'சி' என்றிருந்தால் வளர்ப்பில் பிறந்தது, 'டபிள்யூ' என்றிருந்தால் காட்டில் பிடித்தது. உங்கள் உடலையும் சட்டத்தின் முன் உங்களையும் காக்க முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.

அம்புத் தவளைகளில் பெரும்பாலானவை சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 1.4.2023 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் இத்தகைய அயல்நாட்டு உயிர்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரி விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 தளம் வழியே தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாள் இல்லாமலே அறிவித்துக்கொள்ள மத்திய அரசு 2020இல் தந்த சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. அதைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள். விமானத்தில் ரகசியமாக வந்ததை வாங்கினால் சுங்கச் சட்டமும் குறுக்கே வரும்.

தாள் எல்லாம் சரியாக இருந்தாலும் நம் ஊர் வெயில் இருக்கிறது. இந்தத் தவளைக்கு 22 முதல் 26 டிகிரியும் மழைக்காட்டு ஈரமும் வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் நம் காலுக்குக் குளிர்ச்சி தரும். சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டிக்கு அது போதாது. நடுப்பகலில் மின்சாரம் போய் ஏசி நின்றால் அன்றைக்கே தவளை செத்துப்போகலாம். அந்தச் சித்திரவதையை நான் ஆதரிக்கவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். 15100 எண்ணில் இலவச சட்ட ஆலோசனை கேளுங்கள். பிறகு சிவகங்கை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள்.

பயந்துபோய் ஊருணியிலோ கண்மாயிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்; அதோடு நோயும் நம் நீர்நிலைக்குப் போகலாம். உலகெங்கும் 90 நீர்நில வாழ் உயிரினங்களின் அழிவோடு தொடர்புபடுத்தப்படும் கைட்ரிட் பூஞ்சை, வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் செத்த நீல அம்புத் தவளையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டு 1999இல் பெயரிடப்பட்டது. தொட்டித் தண்ணீரைக்கூட பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்த பிறகே கொட்டுங்கள். வாய்க்காலில் ஊற்ற வேண்டாம்.