வானூர்தியில் விரித்த பாய்

விரித்த பாய் விரித்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்பதை ஓர் உண்மையாக எவரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் நாளில் முற்றத்தில் நெல் காயவைக்கும் எங்கள் அக்கரைப்பற்றுப் பெண்கள், பாயின் நான்கு மூலையிலும் நான்கு கல்லை வைத்துவிட்டு மறுவேலை பார்க்கப் போய்விடுவர். பாய் விலகினால் நெல் சிந்தும். சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளலாம். அவ்வளவே நட்டம். ஆயின், பாய் விலகினால் உயிரே போய்விடும் இடமும் உலகில் உண்டு. ஒருவன் தன் வீட்டிலே தானே செய்த சிறு வானூர்தியின் தரை அத்தகையதோர் இடம். அத்தரையில் விரிப்பை எவ்வாறு பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இதனோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். சிறு பொருளென்று ஒதுக்காது உள்ளே புகுந்து பார்த்தால், ஒரு நல்ல வாக்கியத்தில் இருக்கும் ஒழுங்கு அங்கேயும் இருக்கக் காண்போம்.

வானுக்குச் செல்லுமுன் நிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். 2009 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியேகோ நகருக்கு அருகே, ஒரே குடும்பத்தார் நால்வர் சென்ற லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி, மற்றொரு வாகனத்தில் மோதித் தீப்பற்றியது. நால்வரும் மாண்டனர். காரைச் செலுத்தியவர் வாகனம் ஓட்டத் தெரியாதவர் அல்லர். நெடுஞ்சாலைக் காவலிலே பழகிய பொலிஸ் அதிகாரி. கார் அவருடையதன்று, அவருடைய வண்டி பழுதுபார்க்கப்பட்ட வேளையில் விற்பனை நிலையத்தார் இரவலாகக் கொடுத்தது. அதன் தரையில் வேறொரு வகைக் காருக்குரிய தடித்த இறப்பர் விரிப்பு இடப்பட்டிருந்தது. அதனை இருந்த இடத்தில் நிறுத்த வேண்டிய கொளுக்கியில் எவரும் மாட்டவில்லை. அவ்விரிப்பே அக்சிலேற்றர் மிதியைப் பிடித்துக்கொண்டது என்று விசாரணையாளர் கண்டனர். அடுத்த மாதம் டொயோட்டா நிறுவனம், இத்தகைய ஆபத்து நேரக்கூடிய சுமார் 38 இலட்சம் வாகனங்கள் பற்றித் திருத்த அறிவிப்பு விடுத்தது. ஒரு கொளுக்கியை மாட்டும் வேலைக்குச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளின் விலை நான்கு உயிர்.

தரையில் ஓடும் வண்டிக்கே இக்கதியென்றால், வானில் ஓடும் வண்டிக்கு என்ன சொல்வது? அதிலும் ஒருவன் தன் கையாலே செய்த வண்டிக்கு?

வீட்டில் வானூர்தி செய்வதா என்று வியப்பவர்க்குத் தமிழ் இலக்கியமே ஒரு சான்று தரும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், ஏமாங்கத நாட்டரசன் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்புறம் திரித்தால் ஏறும். இடப்புறம் திரித்தால் இறங்கும். அரசி அதனைச் செலுத்தப் பழகுகிறாள். பகைவன் சூழ்ந்த நாளில் அதிலேறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். சீவகன் அங்கே பிறக்கிறான். ஒரு குடும்பத்தின் தேவைக்கென்றே செய்யப்பட்ட சிறு வானூர்தி அது. கற்பனையே எனினும், ஏறவும் இறங்கவும் கைக்கு அடங்கிய பொறி வேண்டும் என்று கருதிய புலவரின் நுட்பம் மெச்சத்தக்கது.

கற்பனை மெய்யான கதையும் நம் அண்டையிலேயே உண்டு. 1910 ஆம் ஆண்டிலே, சென்னையில் ஹோட்டல் நடத்திய கோர்சிக்கத் தீவினர் டி ஆஞ்சலிஸ் என்பார் தாமே திட்டமிட்ட விமானத்தைச் சிம்சன் கம்பனியாரைக் கொண்டு செய்வித்துப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர் முதன்முதற் பறந்து ஏழு ஆண்டுகூட அப்போது நிறையவில்லை. நம் காலத்தில், மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தாம் குடியிருந்த மாடி வீட்டின் மேற்றளத்திலே ஒரு விமானத்தைக் கட்டி, 2016 ஆம் ஆண்டு அந்நகரிலே நடந்த கண்காட்சியில் வைத்தார். இலங்கையிலோ றே விஜேவர்தன என்னும் பொறியியலாளரை மறத்தல் ஆகாது. 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்த அவர், கேம்பிரிட்ஜிலே கற்று, சிறு விமானங்களைத் தாமே அமைத்துத் தாமே பறந்தவர். எங்கள் வயல்வெளிகளில் உழவர் கைப்பிடித்து நடக்கும் இருசக்கர உழவு இயந்திரத்தை ‘லேண்ட்மாஸ்டர்’ என்கிறோமே, அப்பெயரில் வந்த இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவரும் அவரே. சேற்றில் நடந்த அறிவே வானிலும் பறந்தது.

அமெரிக்காவில் இது பெரியதோர் இயக்கமாகவே வளர்ந்தது. 1953 இல் போல் பொபரெஸ்னி என்பார் விமானம் செய்யும் ஆர்வலர்க்கென ஒரு சங்கம் தொடக்கினார். அந்நாட்டுச் சட்டப்படி, ஒரு விமானம் ஆர்வலர் செய்தது என்று ஏற்கப்பட வேண்டுமாயின் அதன் வேலையிற் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ செய்யும் ஆர்வலரே செய்திருத்தல் வேண்டும். செய்து முடித்தவர், தம் விமானத்தை ஆண்டுதோறும் தாமே சோதித்துக் கையொப்பமிடும் உரிமையையும் முறைப்படி பெறலாம். மாணவனே விடையெழுதி மாணவனே புள்ளியிடுவது போன்ற ஏற்பாடு இது. பரீட்சை மண்டபத்தில் இதனை நாம் ஒப்புவோமா? அங்கே ஒப்புகிறார்கள், ஏனெனில் தவறான விடைக்குரிய தண்டனையையும் அவரே அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

இனித் தரைக்கு வருவோம். சிறு விமானத்தின் தரை பெரும்பாலும் மெல்லிய அலுமினியத் தகடு. வெறுங்காலுக்குக் குளிரும், இயந்திரத்தின் அதிர்வால் இரையும், சப்பாத்துப் பட்டால் கீறும். ஆதலால் அதன்மேல் கம்பளம் விரிக்கிறார்கள். காப்பெட் என்று கடைக்காரர் சொல்வதும் அதுவே. ஆனால் அத்தரை வெறும் தரையன்று. அதன் முன்புறத்தில் விமானியின் இரு காலுக்கும் இரு மிதிகள் உண்டு. அவை வாலிலுள்ள சுக்கானைத் திருப்புவன. பல விமானங்களில் அம்மிதிகளின் மேல்நுனியை விரலால் அழுத்தினால் சக்கரப் பிரேக்கும் பிடிக்கும். சிலவற்றில் தரையின் நடுவே நின்றெழும் பிடிதண்டு விமானத்தை ஏற்றவும் இறக்கவும் சாய்க்கவும் செய்கிறது. தகட்டின் அடியிலோ, அத்தண்டின் அசைவை இறகுகளுக்குக் கொண்டு செல்லும் கோல்களும், எரிபொருட் குழாய்களும் ஓடுகின்றன. எனவே அங்கே விரிக்கப்படும் விரிப்புக்கு மூன்று கடமைகள் உண்டு.

முதலாவது, அது நகரலாகாது. விமானியின் குதிகால் ஓயாது முன்னோக்கி உந்துவதால் கம்பளம் மடிந்து திரைந்து மிதியின் அடியிற் புகலாம். பிடிதண்டின் அடியிற் சுருண்டு அதன் அசைவைத் தடுக்கலாம். ஆகவே கைதேர்ந்தவர்கள் கம்பளத்தை மிதிக்குச் சற்று முன்னரே நிறுத்திவிடுவர். தண்டைச் சுற்றி அகலமாக வெட்டி, விளிம்பை நூல் பிரியாமல் தைப்பர். விரித்தபின் மிதிகளையும் தண்டையும் அவை போகக்கூடிய எல்லைவரை அசைத்துப் பார்த்தே அமைவர்.

இரண்டாவது, அதனைத் தூக்க இயல வேண்டும். நகரலாகாது என்றபின் தூக்க வேண்டும் என்பது முரண் போலத் தோன்றும். ஆயினும் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மழையில் நனைந்த காலுடன் ஏறினால் கம்பளம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் அடியிலுள்ள அலுமினியத்தை மெல்ல அரிக்கும். குழாயிலே கசிவு இருந்தாலும் மேலே தெரியாது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்டேன். “சேர், மேல பாத்தா எல்லாம் வடிவாத்தான் இருக்கும். பாயத் தூக்கிப் பாக்காம ஒண்டும் சொல்லேலா” என்றார். ஏடு புரட்டி வாழ்ந்த எனக்கு அச்சொல் நெஞ்சிலே தைத்தது. உரையை மட்டும் படித்து மூலத்தைத் தூக்கிப் பாராத கல்வியும் அத்தகையதன்றோ?

மூன்றாவது, அது தீயை வளர்க்கலாகாது. பயணிகள் விமானங்களில் இடப்படும் துணியும் கம்பளமும் தீச்சோதனையில் தேறியவையாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். வீட்டில் செய்த விமானத்தை அச்சட்டம் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. வீட்டுக்கூடத்துக்கென விற்கும் மலிவான கம்பளத்தை வாங்கி விரித்தால் தடுப்பாரில்லை. பொறுப்புள்ளவர் என்ன செய்கிறார்? துண்டொன்றை வெட்டி வெளியிலே கொண்டுபோய் நெருப்பைக் காட்டிப் பார்க்கிறார். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தால் நன்று. உருகி ஒழுகி எரிந்துகொண்டே இருந்தால் அது விமானத்துக்கு ஆகாது. சட்டம் நின்றுவிட்ட இடத்திலிருந்து மனச்சாட்சி நடக்கத் தொடங்குகிறது.

இம்மூன்றையும் ஒருங்கே காப்பது எங்ஙனம்? முழுவதும் பசை பூசி ஒட்டினால் நகராது. ஆனால் தூக்கும்போது கிழியும், பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். திருகாணியும் வளையமும் இட்டால் உறுதி உண்டு. கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும். சட்டையில் தைப்பதைப் போன்ற அமுக்குப் பட்டன்களை மூலைகளிற் பொருத்துவோரும் உளர். எனினும் பலரும் நாடுவது வெல்குரோ என்னும் ஒட்டுநாடாவையே. ஒரு பட்டையில் நுண்ணிய கொளுக்கிகள். மறுபட்டையில் நுண்ணிய வளையங்கள்.

இந்நாடாவின் பிறப்பும் சுவையானது. 1941 இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் த மெஸ்திரால் தம் நாயுடன் காட்டுவழியே நடந்து வந்தபோது, ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிய காய்களை நுண்பெருக்காடியின் கீழ் வைத்துப் பார்த்தார். காயின் முள்நுனி கொளுக்கிபோல் வளைந்திருந்தது. அதனைப் பார்த்துச் செய்த நாடாவுக்கு 1955 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். எங்கள் வேலியோரம் நாயுருவி உரசாத சாரமும் சேலையும் இல்லை. நாம் உதறிவிட்டு வந்தோம், அவர் உற்றுநோக்கினார்.

அந்நாடாவின் சிறப்பு யாதெனில், பக்கவாட்டில் இழுத்தால் அசைய மறுக்கும். ஓரத்தைப் பிடித்து மேலே உரித்தால் எளிதில் விடும். விமானியின் குதிகால் உந்துவது பக்கவாட்டில். சோதிப்பவரின் கை தூக்குவது மேல்நோக்கி. காலுக்கு அசையாதது கைக்கு இணங்குகிறது. பாய்மரக் கப்பலில் பாயைக் கட்டும் முடிச்சும் இத்தகையதே. காற்றுக்கு அவிழாது, கடலோடியின் விரலுக்கு உடனே அவிழும். படுக்கும் பாயையும் கப்பற் பாயையும் ஒரே சொல்லாற் குறித்த தமிழர்க்கு இவ்வுண்மை புதியதாகாது.

ஆயினும் எந்தக் கருவியையும் கண்மூடி நம்பலாகாது. வெயிலில் நிற்கும் விமானத்தின் உள்ளே வெப்பம் மிகும்போது நாடாவின் முதுகிலுள்ள பசை இளகும். தரையைத் துடைத்து எண்ணெய்ப்பசை நீக்காமல் ஒட்டினால் விரைவிற் கழலும். இதனினும் கொடியதொரு பாடத்தை விண்வெளி ஆய்வு கற்பித்தது. 1967 ஜனவரி 27 ஆம் திகதி, அப்பல்லோ 1 கலத்தின் தரைச் சோதனையின்போது உள்ளே தீ மூண்டு, கிரிசம், வைட், சாபி என்னும் விண்வெளி வீரர் மூவரும் மாண்டனர். கலத்தினுள்ளே காற்றினும் மிக்க அழுத்தத்தில் தனி ஒட்சிசன் நிரம்பியிருந்தது. உட்புறமாகத் திறக்கும் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே எரியக்கூடிய பொருள்களுள் ஒன்றாக இருந்தது, கம்பளம் விரித்தாற்போல ஒட்டப்பட்டிருந்த சுமார் 34 சதுர அடி வெல்குரோ. பிடித்துவைத்தலாகிய தன் கடமையை அது செவ்வனே செய்தது; தீயை வளர்க்கலாகாது என்னும் கடமையை அதனிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. அதன்பின் கலத்தினுள் எரியும் பொருள்களை இயன்றவரை நீக்கினர்.

எங்கள் கரையோரத்து ஊர்ப்பிரிவுகள் பலவற்றின் பெயரிலே ‘பற்று’ என்னும் சொல் நிற்கிறது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என வரும் இப்பெயர்களைப் படிப்பிக்கும்போது, பற்று என்பதற்குப் பிரிவு, பிடிப்பு, அன்பு, தீப்பிடித்தல் எனப் பல பொருள் சொல்லுவேன். சிறு விமானத்தின் தரையிலே இவற்றுட் பல ஒன்று கூடுவதைக் காண்கிறேன். விரிப்புத் தரையைப் பற்ற வேண்டும். தீ விரிப்பைப் பற்றலாகாது. சோதிக்கும் கை வந்தால் பற்றியது விட வேண்டும். செய்பவனுக்கோ, தான் செய்த பொருளிற் பற்று இருக்கலாம்; அது அடியிலுள்ள குறையை மறைக்கும் பற்றாக மட்டும் இருத்தலாகாது.

அழகிய கம்பளம் விரித்தவுடன் வேலை முடிந்தது என்று மனம் சொல்லும். அவ்வேளையிலே குனிந்து, ஓரத்தைத் தூக்கி, ஒருமுறை பார்த்து, மறுபடி அழுத்தி ஒட்டுபவரே பறக்கத் தக்கவர்.