கல்நார்க் கூரையும் நம் கடமையும்

தஞ்சைத் தரணியில் ஒரு வீட்டின் கூரையைக் கண்டே அவ்வீட்டாரின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பர் முதியோர். வயலோரக் குடிசைக்கு விழலும் வைக்கோலும். தோப்பு உடையார்க்குத் தென்னங்கீற்று. நடுத்தரக் குடும்பத்திற்கு நாட்டோடு. சற்று வசதி வாய்ந்தோர்க்குச் சீமையோடு. இவ்வரிசையில் பிந்தி வந்து, இன்று அடுப்படி, மாட்டுக்கொட்டில், கடைத்தெரு, நெல் அரவை ஆலை என எங்கும் பரவி நிற்பது, மக்கள் வழக்கில் 'ஆஸ்பெட்டாஸ் சீட்டு' என வழங்கும் கல்நார்த் தகடாகும்.

கல்நார் என்னும் சொல்லின் அழகு எண்ணத்தக்கது. கல்லாகவும் இருந்து நாராகவும் பிரியும் கனிமம் அது. ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கிரேக்கச் சொல்லோ 'அணைக்க இயலாதது' எனப் பொருள்படும். கிரேக்கர் அதன் பெயரை நெருப்போடு இணைத்தனர். தமிழில் அதன் வடிவம் பெயராயிற்று. அதன் பயனும் தீமையும் அந்த நாரிலேயே அடங்கியுள்ளன என்பதே நாம் ஈண்டு விளக்க முற்படுவது.

கூரையேறிய வரலாறு

ஏறத்தாழ 1900ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டவரான லுட்விக் ஹாட்செக் என்பார், சிமெண்டுடன் கல்நாரைக் கலந்து மெல்லிய தகடுகளாக வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். தகட்டில் பெரும்பகுதி சிமெண்டு. பத்தில் ஒரு பங்கு அளவிலேயே கல்நார். எனினும் அந்நாரே தகட்டிற்கு வலிமை தருவது. தீப்பற்றாமை, கறையான் அரிக்காமை, மலிவு ஆகிய மூன்றும் அதனைப் பாமர மக்களின் கூரையாக்கின. காவிரிக் கரையிலுள்ள மாயனூரிலேயே கல்நார்க் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியதும் நினைக்கத்தக்கது.

நம் மாவட்டத்தார் கீற்றைக் கண்டு அஞ்சியதற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணம் பள்ளியொன்றில் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. வீட்டுக் கூரையையும் பலர் மாற்றினர். தீக்கு அஞ்சித் தகட்டை நாடியோரை எவரும் பழிக்க இயலாது. அத்தகடுகள் இன்று முதுமையுற்றுப் பழுது பார்க்கும் பருவத்தை எட்டியுள்ளன என்பதே நம் கவலை.

நாம் செய்த பிழை

கடந்த கோடையில் நம் பூர்வீக இல்லத்தின் பின்கட்டைப் புதுப்பிக்க முனைந்தோம். தந்தையார் நாளில் வேய்ந்த தகடுகளைக் கொத்தனாரும் சித்தாட்கள் இருவரும் சம்மட்டியால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தனர். முற்றமெங்கும் வெண்ணிறத் தூசி. விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் பிள்ளைகள் உடைந்த துண்டுகளை அடுக்கி விளையாடினர். தற்செயலாக வந்த வேதியியல் துறை நண்பர்தாம் பதறிப்போய்ப் பணியை நிறுத்தச் செய்தார். பாதிக் கூரை அதற்குள் நொறுங்கிவிட்டிருந்தது.

"முப்பது வருசமா உடைக்கிறேன் பாய், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் கொத்தனார். அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. நூல்களைத் தேடிப் படித்த பின்னரே, அவர் கூறிய முப்பது ஆண்டுகளில்தான் அச்சத்தின் மையம் உள்ளது என்பதை உணர்ந்தோம்.

நோயின் இயல்பு

கல்நார் இழைகள் கண்ணுக்குப் புலனாகா நுண்மை உடையவை. தகடு முழுமையாக இருக்கும்வரை சிமெண்டு அவற்றைப் பற்றி வைத்திருக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளையிட்டாலோ, தேய்த்தாலோ அவை காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் ஆழத்தை அடைந்த இழைகள் பலவற்றை உடல் கரைக்கவோ வெளியேற்றவோ இயலாது. பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டும். நுரையீரல் தடித்து இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியன அவற்றுள் தலையாயவை. புகைபிடிப்போர்க்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகும். தொழிலாளர் உடையில் ஒட்டிவந்த தூசியால், அவ்வுடையைத் துவைத்த மனைவியரும் நோயுற்ற செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

வெள்ளை, நீலம், பழுப்பு என எவ்வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பதே என்பது உலக நலவாழ்வு அமைப்பின் முடிபு. பிரிட்டன் 1999லும், ஐரோப்பிய ஒன்றியம் 2005லும், கனடா 2018லும் கல்நாரைத் தடை செய்தன. இலங்கை தடைக்கு முனைந்தபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக மறுத்தது. தேயிலையில் வண்டு கண்டதே காரணமெனக் கூறப்பட்டது. எனினும் இலங்கை தன் முடிவைத் தளர்த்திக்கொண்டது. நம் நாட்டில் 1986 முதல் புதிய கல்நார்ச் சுரங்க உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆயினும் வெள்ளைக் கல்நார் இறக்குமதி தொடர்கிறது. 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்து, கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் காக்குமாறு பணித்தது. கூரை பிரிக்கும் நம் ஊர்ச் சித்தாளுக்கு அத்தகைய பதிவேடு எங்கே இருக்கிறது?

செய்யத்தக்கனவும் தகாதனவும்

முதலாவதாக, அச்சம் வேண்டா. விரிசலின்றி உறுதியாய் நிற்கும் தகட்டின்கீழ் வாழ்வதால் விளையும் தீங்கு மிகச் சிறிது. அதனைச் சீண்டாதிருப்பதே சிறந்த காப்பு. பாசியைப் போக்கக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், விசை நீரால் கழுவுவதும், மின்விசிறி மாட்டத் துளையிடுவதும் கூடா.

இரண்டாவதாக, கல்நார் உண்டா இல்லையா எனக் கண்ணால் கண்டு துணிய இயலாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியே காட்டும். ஆகவே பழைய சாம்பல்நிற அலைத்தகடு, மழைநீர்க் குழாய், புகைபோக்கி ஆகியவற்றைக் கல்நார் எனக் கொண்டே கையாளுதல் அறிவுடைமை.

மூன்றாவதாக, அகற்றியே தீரவேண்டுமெனில், பயிற்சி பெற்றோரை நாடுதல் நன்று. அவர் கிடையாதவிடத்துப் பின்வருவன இன்றியமையாதவை. குழந்தைகளையும் பிறரையும் அப்புறப்படுத்துக. கிணற்றையும் உணவுப் பொருள்களையும் மூடுக. சோப்பு கலந்த நீரை மெல்லத் தெளித்துத் தகட்டை நனைத்தபடியே பணியாற்றுக. போல்ட்டுகளைக் கழற்றியோ வெட்டியோ தகட்டை முழுதாக இறக்குக, மேலிருந்து எறியற்க. முதிர்ந்த தகடு பாரம் தாங்காது; அதன்மீது ஏறி நிற்றல் உயிருக்கே கேடு; சாரம் கட்டி நிற்க வேண்டும். மின் அறுவையைத் தொடவே கூடாது. முகத்தில் துண்டு கட்டுதல் இழைகளைத் தடுக்காது. 'பி 100' வடிகட்டி பொருந்திய கவசமே ஏற்றது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பணி முடிந்ததும் உடை களைந்து குளித்தல் வேண்டும். அவ்வுடையை வீட்டுத் துணிகளோடு கலக்கலாகாது.

நான்காவதாக, கழிவு. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின், உடைந்த தகடுகள் வாய்க்கால் கரைகளில் கிடந்ததையும், ஆட்டுக் கொட்டிலுக்கும் குளியலறை மறைப்புக்கும் பயன்பட்டதையும் கண்டோம். அவற்றை நொறுக்கிப் பாதைக்கு இடுவதும் தகாது. கனத்த பாலித்தீன் தாளில் இரு சுற்றாகக் கட்டி, உள்ளே இருப்பது கல்நார் என எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் வழி கேட்டு ஒப்படைத்தல் முறை.

நிறைவாக

எஞ்சிய பாதிக் கூரையை இம்முறைப்படியே இறக்கினோம். இரண்டு நாள் கூலி மிகுதியாயிற்று. கவசங்களுக்குச் சிறிது செலவாயிற்று. நம் கூரையின்கீழ் வேலைக்கு வரும் எளியவரின் மூச்சு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றால் அச்செலவு பெரிதன்று. பள்ளிவாசல், மதரஸா, கல்லூரி மிதிவண்டிக் கொட்டகை எதுவாயினும், பழுதுபார்க்கத் தீர்மானிக்கும் நிர்வாகத்தார் மதிப்பீட்டில் இதற்கென ஒரு தொகையையும் எழுதிக்கொள்வாராக. மாணவச் செல்வங்கள் இச்செய்தியைத் தத்தம் ஊருக்கு எடுத்துச் செல்வாராக.

கொத்தனாரின் முப்பது ஆண்டுகளை நம்மால் திருப்பித் தர இயலாது. ஆயினும் கணக்கு முடித்துச் செல்லும்போது அவர் நம்மிடம் ஒன்று கேட்டார்: "அந்த மாஸ்க்கை நான் எடுத்துக்கட்டுமா பாய்? நாளைக்கும் ஒரு கூரை பிரிக்கணும்." புதிய வடிகட்டிகளோடு கொடுத்தனுப்பினோம்.