கல்லில் ஒரு வரி, திரையில் ஒரு வரி

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் உள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று, இந்த இடத்தின் அருகே, கப்டன் வொன் ட்றிபேர்க் வன்னித் தலைவன் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அதன் செய்தி. யார், யாரை, எங்கே, எப்போது எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. ஏன் என்பது இல்லை. அந்த இரவில் காட்டுக்குள் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதும் இல்லை.

இதே மாதிரியான வரிகளை நான் பிறகு கணினித் திரையில் கண்டேன். 'குருசேடர் கிங்ஸ்' என்ற விளையாட்டில் அவை நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். இன்னார் இறந்தார். இன்னாருக்கு மகன் பிறந்தான். இன்னார் இன்னார்மீது படையெடுத்தார். இந்த வரிகளை வைத்துக்கொண்டு சரித்திரக் கதை எழுதும் ஒரு கலை இருக்கிறது. வன்னியில் இருந்து எழுத நினைக்கும் இளையவர்களுக்கு அதைச் சொல்லித்தர ஆசைப்படுகிறேன்.

முதலில் இந்த வரிகளைத் தரும் பொறியைப் பார்ப்போம். சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2004இல் இந்த விளையாட்டின் முதற் பதிப்பை வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 2020 செப்டெம்பரில் வந்தது. 867 அல்லது 1066 ஆம் ஆண்டில் தொடங்கி 1453 வரை ஆடலாம். 1178 என்ற தொடக்கம் பின்னால் சேர்ந்தது. நீங்கள் ஆள்வது நாட்டை அல்ல, ஒரு குடும்பத்தை. உங்கள் அரசன் இறந்தால் அவனுடைய வாரிசாக ஆட்டத்தைத் தொடர்வீர்கள். உங்கள் குலத்தில் வாரிசே இல்லாமற் போனால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். ஆகவே நிலத்தைவிடப் பிள்ளை முக்கியம். பிள்ளைகள் கூடினாலோ வேறு சிக்கல்: பெரும்பாலான அரசுகளில் தொடக்கச் சட்டம் பாகப்பிரிவினைதான். தகப்பன் முப்பது வருடம் சேர்த்தது ஒரே நாளில் மூன்றாகப் பிரியும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணங்கள் உண்டு: இரக்கம், பேராசை, கூச்சம், பழிவாங்கும் மனம். எழுதுகிறவருக்கு இந்தப் பொறி தரும் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. இரக்கமுள்ள அரசனைக் கொண்டு நீங்கள் ஒருவரைத் தூக்கிலிட்டால் அவனுடைய மன அழுத்தம் ஏறும். தன் இயல்புக்கு மாறாக நடந்து நடந்து அழுத்தம் எல்லை தாண்டினால் அவன் உடைந்துபோவான். குடிக்கத் தொடங்குவான், தன்னையே வருத்திக்கொள்வான். ஒரு மனிதன் தன் இயல்புக்கு எதிராகச் செய்யவேண்டி வருவதுதான் எந்த நாவலுக்கும் உயிர். பொறி அதை இலக்கமாக வைத்திருக்கிறது.

விளையாட்டில் இருந்து இலக்கியம் பிறப்பது புதிதல்ல. 1826இல் பிரான்வெல் புரோன்டேக்கு அவன் தகப்பனார் வாங்கிவந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வைத்தே புரோன்டே சகோதரிகள் தங்கள் கற்பனை இராச்சியங்களை எழுதத் தொடங்கினார்கள். யப்பானில் 1986இல் சஞ்சிகையொன்றில் வந்த மேசை விளையாட்டுப் பதிவு, 'லோடோஸ் தீவுப் போர்' என்ற நாவல் வரிசையாகியது. குருசேடர் கிங்ஸ் ஆடுகிறவர்கள் எழுதும் பதிவுக்கு 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிப்போர்ட்' என்று பெயர். படையினர் சண்டைக்குப் பின் எழுதும் அறிக்கையிலிருந்து எடுத்த சொல் அது. தமிழில் 'ஆட்டக் கதை' என்று சொல்லிவிடலாம்.

ஆனால் தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் உடையார்குடிக் கல்வெட்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. கொலை நடந்தது, ஏன் நடந்தது என்பதற்கு அங்கே விடை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதினார். ஆட்டக் கதை எழுதுகிறவரும் அதே வெற்றிடத்தில்தான் உட்காருகிறார்.

இனி வேலைக்கு வருவோம். இலங்கையும் இந்த ஆட்டத்தின் வரைபடத்தில் இருக்கிறது. 1066இல் பொலன்னறுவையில் சோழர். தெற்கே உறுகுணையில் சிங்கள மன்னன் விஜயபாகு. வன்னித் தலைவர்களைப் பற்றிய பேச்சு சூளவம்சத்தில் 13ஆம் நூற்றாண்டையொட்டித்தான் வருகிறது, கலிங்க மாகன் 1215இல் வந்து பொலன்னறுவையைக் குலைத்த பிறகு. ஆகவே 1066இல் ஒரு சிறு தலைவனோடு தொடங்கி, பல தலைமுறைக்குப் பிறகு காட்டுக்குள் தனியரசு அமைத்தால், வரலாறு போன திசையிலேயே கற்பனையும் போகும்.

ஆடும்போது பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருங்கள். திகதி, வயது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதை உடனே எழுதுங்கள். தோற்றால் பழைய சேமிப்பைத் திறந்து திருத்தாதீர்கள். தோல்விகளை அழித்துவிட்டு எழுதப்படும் கதையை வாசிக்கிறவர் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கொப்பியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1236: தலைவன், வயது 41, வேட்டையில் மரணம். மகன், வயது 9, கூச்ச சுபாவம், பட்டம் ஏற்றான். சிற்றப்பன் பொறுப்பாட்சி. 1238: சிற்றப்பன் மரணம், சந்தேகத்துக்கு இடமானது. இதை அப்படியே வசனமாக்கினால் கல்வெட்டுத்தான் மிஞ்சும். பொறிக்குத் தெரியாததை நாங்கள் கொண்டுவர வேண்டும். அந்தப் பொறிக்குக் குளம் தெரியாது. மாரி பிந்தினால் காலபோகம் என்னாகும் என்பதும், சிறுபோகத்துக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்பதும் அதன் கணக்கில் இல்லை. ஆனால் குளக்கட்டில் நின்று பார்க்கிறவருக்கு அதுதான் அரசியல். எனவே அரண்மனையை விட்டுவிட்டு, துருசு திறக்கிற ஒருவரைச் சாட்சியாக வைத்தேன்:

'சிற்றப்பர் வந்து துருசைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறவில்லை என்றேன். அவர் சொல்லும் பக்கத்து வயல் அவருடைய மாமனாருடையது. சின்னவர் கட்டின்மேல் நின்றார், என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். ஆவணி பிறந்தபோது கீழ்வயற்காரர் ஒருவரும் சிற்றப்பரின் முகத்தைப் பார்க்கவில்லை.'

பிள்ளையின் கூச்சம் பொறி தந்தது. மௌனம் எங்களுடையது. அடுத்த மாரியில் சிற்றப்பன் செத்தால், யார் செய்திருப்பார்கள் என்று வாசகர் தாமாகவே நினைக்கத் தொடங்குவார்.

சொத்துரிமையிலும் இப்படித்தான். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஆக்கிய தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்று வகை உண்டு. பழைய வழமைப்படி தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. மட்டக்களப்பின் முக்குவர் வழமையில் உரிமை பெண்வழியாக, சகோதரியின் பிள்ளைக்குப் போனது. இவற்றை 13ஆம் நூற்றாண்டுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரு குளத்துக்குக் கீழ் உள்ள வயல் மகளோடு இன்னொரு குடும்பத்துக்குப் போவதன் வலியை இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்தின் பாகப்பிரிவினைக் கட்டத்தைக் கதையாக்கும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யானையும் அப்படியே. வன்னித் தலைவர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். யானை பிடிக்கும் பணிக்கரின் கதை இன்றும் முல்லைத்தீவுப் பக்கத்தில் வாழ்கிறது: வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை மதயானையைக் கட்டினாள், பொறாமை கொண்டவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொடுத்தார்கள் என்று ஒப்பாரியாகவும் கூத்தாகவும் அதைச் சொல்லிவருகிறார்கள். குருசேடர் கிங்ஸில் சதி ஒரு பொத்தானை அழுத்தினால் தொடங்கும், வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். வெற்றிலையை நீட்டும் கை யாருடையது என்பதை எங்கள் ஒப்பாரி அறிந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பண்டார வன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது வரலாறு. முல்லைமணி அவரை நாடகமாக்கினார். கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதினார். மக்கள் வழக்கில் அவரைக் காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன். அதே பெயர் யாழ்ப்பாண வைபவமாலையில் மன்னன் சங்கிலியனைப் போர்த்துக்கேயரிடம் காட்டிக்கொடுத்தவனுக்கு இருக்கிறது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் ஏறத்தாழ இருநூறு வருடம். தோல்விக்கு ஒரு 'ஏன்' தேவைப்பட்டபோது பழைய துரோகியின் பெயர் புதிய கதைக்குள் வந்து குடியேறிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள். பதிவு மெலிந்த நாட்டில் கதாசிரியர் எழுதும் காரணம் அவ்வளவு எளிதில் வரலாறாகிவிடும். ஆட்டத்தில் பிறந்த அரசனுக்குப் புதுப் பெயர் வையுங்கள். உண்மையான ஒருவரைத் துரோகியாக்குவதானால் நூலின் முன்னுரையில் இது கற்பனை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எனக்கு இன்னும் எழுத முடியாத ஒருத்தி இருக்கிறாள். 1782இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்க வந்தபோது கடுமையாக எதிர்த்த வன்னிச்சி, மரியா செம்பாத்தை. அவளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் சிறைவைத்தார்கள் என்று ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி எமேர்சன் ரெனன்ட் எழுதியிருக்கிறார். 1453இல் முடியும் ஆட்டம் அவளை எட்டாது. ஆகவே அவளுக்காக ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடுகிறேன்: அவளுடைய தாயின் தாய்க்கு முந்திய ஒருத்தி, 1440களில், ஒரு குளக்கட்டில் நிற்கிறாள். குணம், பிடிவாதம். கொப்பியில் இதுவரை நான்கு வரிகள் சேர்ந்திருக்கின்றன.