பணக்காரருக்கும் எதற்கு ரேஷன் அரிசி?

'கார் வைத்திருப்பவருக்கும் ரேஷன் அரிசியா?' டீக்கடை பெஞ்ச் முதல் டிவி விவாதம் வரை ஓயாத கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், ஏழைக்கு மட்டும்தான் என்று முடிவெடுத்தால், யார் ஏழை என்று பட்டியல் போட வேண்டும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

1997-ல் மத்திய அரசு அந்த வழியில் இறங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தது. பல மாநிலங்களில் செல்வாக்குள்ளவர் பெயர் பட்டியலில் ஏறியது; நிலமில்லாத கூலியின் பெயர் விடுபட்டது. நேற்றுவரை நன்றாகச் சம்பாதித்த கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தால், என்றோ எடுத்த கணக்கெடுப்புக்கு அது எப்படித் தெரியும்?

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி கார்டு இருந்தால் அரிசி உண்டு என்ற ஏற்பாடே தொடர்ந்தது. 2007-ல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2008-ல் அரிசி கிலோ 1 ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016-ல் இணைந்தபோதும் யாரையும் கழித்துக்கட்டவில்லை.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ. வெளியில் கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலே 800 ரூபாய் மிச்சம். பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா இருவரும் 2009-10 தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஏழைகள் வறுமைக்கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் இடைவெளியை, நாட்டின் கிராமப்புறங்களில் ரேஷன் 18 முதல் 22 சதவீதம் வரை குறைத்திருந்தது. தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம்!

வாங்கிய அரிசியை விற்பவர்களும், கேரளாவுக்குக் கடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். அதைச் சாக்காக வைத்து கார்டுகளில் கை வைக்கக் கூடாது. ஊரே வரிசையில் நிற்பதால்தான், கடை திறக்காத நாளில் தட்டிக்கேட்க ஆள் இருக்கிறது. ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசைக்கு அந்தக் குரல் கிடைக்காது.

இப்போதைய கவலை, கைரேகை மெஷின். களை பறித்தே ரேகை தேய்ந்த பாட்டியின் விரலை அது ஏற்பதில்லை. 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்ற ஒரு பதிலில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பட்டியல் போட்டு யாரையும் ஒதுக்காத அரசு, மெஷினைக் காட்டியும் ஒதுக்கக் கூடாது. ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே அரிசி போட வேண்டும்.